மின்னூட்டம் கொடுத்தும் சோப்புக் குமிழி பெரிதாகவில்லையா? அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

நுழைவுத் தேர்வுக்குப் படித்தவர்கள் இந்தக் கேள்வியை ஒரு தடவையாவது பார்த்திருப்பார்கள்: சோப்புக் குமிழி ஒன்றுக்கு எதிர் மின்னூட்டம் கொடுத்தால் அதன் ஆரம் கூடுமா, குறையுமா, மாறாதா? விடை, கூடும். நேர் மின்னூட்டம் கொடுத்தாலும் கூடும். புள்ளி ஒன்றை வாங்கிக்கொண்டு எல்லோரும் அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள். ஆயிரத்தில் ஒரு பிள்ளை மட்டும் ஸ்ட்ராவும் பிவிசி பைப்பும் எடுத்து வைத்துச் செய்து பார்த்துவிட்டு, "ஒன்றுமே ஆகவில்லையே" என்று வந்து நிற்கும். நானும் அப்படி நின்றவன்தான். அந்த ஒரு பிள்ளைக்காக எழுதுகிறேன். உங்களுக்கு எது நடக்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். ஆனால் முதல் தலைப்பை எல்லோரும் படித்துவிடுவது நல்லது, மற்றதெல்லாம் அதில்தான் வந்து நிற்கும்.

அறிகுறி: குமிழிக்கு மின்னூட்டம் ஏறியது உறுதி, ஆனால் அளவு மாறவில்லை

இது பிழையே இல்லை. சரியாகத்தான் செய்திருக்கிறீர்கள்.

காற்றில் மிதக்கும் குமிழி மூடிய பை. உள்ளே இருக்கும் காற்று வெளியே தள்ளுகிறது. வெளிக்காற்றும் சோப்புத் தோலின் இழுவிசையும் உள்ளே அமுக்குகின்றன. மின்னூட்டம் ஏறினால், தோலில் உள்ள ஒரே வகை மின்துகள்கள் ஒன்றையொன்று விலக்குவதால் வெளிநோக்கி ஒரு புதுத் தள்ளல் சேர்கிறது. ஆகவே குமிழி விரிய வேண்டும், விரியவும் செய்கிறது. கேள்வி எவ்வளவு என்பதுதான்.

சோப்புக் கரைசலின் பரப்பு இழுவிசையை மீட்டருக்கு 0.025 நியூட்டன் என்று வைத்துக்கொள்வோம். 1 செ.மீ. ஆரமுள்ள குமிழியில் தோல் தரும் அதிகப்படி அழுத்தம், 4 × இழுவிசை ÷ ஆரம், அதாவது 10 பாஸ்கல். வெளிக்காற்றின் அழுத்தமோ ஒரு லட்சம் பாஸ்கலுக்கும் கொஞ்சம் மேல். மின்னூட்டம் தோலின் அந்த 10 பாஸ்கலை முழுதாகச் சமன் செய்துவிட்டால்கூட, உள்ளே அடைபட்ட காற்று விரிய வேண்டியது பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். அது கன அளவில். ஆரத்தில் அதிலும் மூன்றில் ஒன்று. கணக்குப் போட்டால் 0.33 மைக்ரோமீட்டர் வருகிறது. ஊதிய புதிதில் குமிழியின் தோலே ஏறக்குறைய ஒரு மைக்ரோமீட்டர் தடிமன் இருக்கும். தன் தோலின் தடிமன் அளவுக்குக்கூட அது வளரவில்லை என்று அர்த்தம்.

"அப்படியானால் இன்னும் மின்னூட்டம் ஏற்றலாமே?" முடியாது. 1882-இல் ஆங்கிலேய இயற்பியலாளர் லார்ட் ரேலே திரவத் துளிகளுக்கு ஒரு வரம்பு கண்டுபிடித்தார். மின் தள்ளல், பரப்பு இழுவிசையின் அழுத்தத்துக்குச் சமமாகும் இடத்தில் உருண்டை வடிவம் நிலைக்காது, நீண்டு கிழிந்துவிடும். இரண்டு பரப்பு உள்ள சோப்புக் குமிழிக்கும் அதே கதைதான். ஆகவே 1 செ.மீ. குமிழி 10 பாஸ்கலைத் தாண்டி உயிரோடு இருக்காது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. குமிழி பெரிதாக இருந்தால் விரிவதற்கு இடம் அதிகம், ஆனால் தோலின் அழுத்தம் அதே விகிதத்தில் குறைவு. இரண்டும் ஒன்றையொன்று அடித்துவிடுகின்றன. ஆக, கோலிக்குண்டு அளவுக் குமிழியானாலும் கால்பந்து அளவுக் குமிழியானாலும் மின்னூட்டத்தால் ஆரத்தில் கூட்டக்கூடிய உச்சம் அதே 0.33 மைக்ரோமீட்டர்தான். பெரிய குமிழி ஊதிப் பார்த்து நேரத்தை வீணாக்க வேண்டாம். மொபைல் கேமராவில் 2 செ.மீ. விட்டமுள்ள குமிழியை 3000 பிக்சல் அகலத்துக்கு நிரப்பி எடுத்தாலும், இந்த மாற்றம் ஒரு பிக்சலில் பத்தில் ஒரு பங்கு.

அறிகுறி: என் குமிழி கண்ணுக்குத் தெரிகிற மாதிரி மாறியதே!

மாறியிருக்கும். மின்னூட்டத்தால் அல்ல.

முதல் சந்தேகம் உங்கள் மூச்சின் மேல். ஏ.சி. அறையில் வாயால் ஊதினால் உள்ளே இருப்பது அறையைவிடப் பத்து டிகிரி சூடான காற்று. அது ஆறும்போது குமிழி சுருங்கும். 1 செ.மீ. ஆரத்துக்கு ஒரு டிகிரி மாறினால் ஆரம் 11 மைக்ரோமீட்டர் மாறும். நாம் தேடுவது 0.33. அதாவது ஒரு டிகிரியில் முப்பதில் ஒரு பங்கு வெப்பம் மாறினாலே, மின்னூட்டத்தால் முடிந்த அத்தனையும் அதில் அமுங்கிப்போகும். கையைக் குமிழிக்கு அருகே கொண்டுபோனாலே போதும். சைக்கிள் பம்ப்பாலோ சிரிஞ்சாலோ அறைக் காற்றை ஊதினால் இந்தக் குழப்பம் பாதி குறையும்.

இன்னொன்றைக் கேட்டால் சிரிப்பு வரும். தரையிலிருந்து ஒரு மீட்டர் மேலே போனால் காற்றழுத்தம் சுமார் 12 பாஸ்கல் குறைகிறது. மேசை மேல் இருக்கும் குமிழியைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தால், மின்னூட்டம் கொடுத்து விரிப்பதைவிட அதிகமாக அது விரிந்துவிடும். எந்த மின்சாரமும் வேண்டாம்.

மூன்றாவது, நீளுவதை வளர்ச்சி என்று எடுத்துக்கொள்வது. இதைத் தனியாகப் பார்ப்போம்.

அறிகுறி: குமிழி முட்டை மாதிரி நீளுகிறது, நுனி கூராகிறது, பிறகு உடைகிறது

கம்பளியில் தேய்த்து மின்னூட்டம் ஏற்றிய பிவிசி பைப்பைக் குமிழிக்கு மேலே கொண்டுவரும்போது இது நடக்கும். ஒரு பக்கமிருந்து வரும் மின்புலம், குமிழியின் மேல் நுனியில் ஒரு வகை மின்துகளையும் அடியில் எதிர் வகையையும் குவிக்கிறது. இரு முனையும் இழுபட, குமிழி நெடுக்கில் நீண்டு குறுக்கில் மெலிகிறது. உயரத்தை மட்டும் அளந்தால் 'வளர்ந்துவிட்டது' என்று தோன்றும். சுவரில் நிழல் விழவைத்து இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள். குறுக்களவை இரண்டு முறை, உயரத்தை ஒரு முறை என்று பெருக்கினால் பழைய எண்ணே திரும்ப வரும். கன அளவு மாறவில்லை, வடிவம்தான் மாறியது.

உடைவதற்குச் சற்று முன் நுனி கூம்பாகும். கண் இமைக்கும் நேரம்தான், மொபைலில் ஸ்லோமோஷன் எடுத்தால் சில வேளை சிக்கும். கருமையான துணியைப் பின்னால் தொங்கவிட்டு, பக்கவாட்டில் டார்ச் அடித்து ஒரு மாலை முழுக்க எடுத்ததில் எனக்கு ஒரே ஒரு தடவைதான் தெளிவாகக் கிடைத்தது: உருண்டை, முட்டை, பிறகு வெங்காயத்தின் தலைமாதிரி ஒரு முனை, அதன் உச்சியிலிருந்து தூசு மாதிரி ஏதோ சிதறல், அடுத்த ஃபிரேமில் குமிழியே இல்லை. சீரான மின்புலத்தில் சோப்புக் குமிழிகள் உடைவதை 1925-இல் இயற்பியலாளர்கள் சி. டி. ஆர். வில்சனும் ஜி. ஐ. டெய்லரும் ஆராய்ந்து எழுதினார்கள். மேகத்து நீர்த்துளி இடிமேகத்தின் மின்புலத்தில் என்ன ஆகும் என்பதற்குக் குமிழி ஒரு வசதியான மாதிரி. பின்னாளில் 1964-இல் அந்தக் கூம்பின் அரைக்கோணம் 49.3 டிகிரி என்று டெய்லர் கணக்கிட்டார். இன்று அதற்கு அவர் பெயரே வழங்குகிறது.

நீளாமல் இருக்க வேண்டும் என்றால் மின்னூட்டத்தைக் குமிழிக்கே கொடுத்துவிட்டு, பைப்பையும் உங்கள் கையையும் ஓர் அடிக்கு மேல் தள்ளி வையுங்கள்.

அறிகுறி: குமிழி பெரிதாவதற்குப் பதில் பைப்பை நோக்கி ஓடிவருகிறது

மின்னூட்டமே இல்லாத குமிழி அப்படித்தான் செய்யும். தலைமுடியில் தேய்த்த சீப்பு காகிதத் துணுக்கை இழுப்பது மாதிரி. ஓடிவந்து பைப்பில் மோதினால் உடையும். அபூர்வமாக மோதாமல் அருகில் வந்து மின்துகளை வாங்கிக்கொண்டால், உடனே திசை மாறி விலகி ஓடும். குமிழியில் மின்னூட்டம் ஏறிவிட்டது என்பதற்கு அந்த விலகலே சாட்சி. சோதனை வேலை செய்கிறதா என்று பார்க்க இதைவிட எளிய வழி கிடையாது.

அறிகுறி: மின்னூட்டம் நிற்கவே மாட்டேன் என்கிறது

இங்கேதான் பெரும்பாலோர் சிக்குகிறார்கள். ஸ்ட்ரா பிளாஸ்டிக், மின்சாரம் கடத்தாது என்று நினைத்துக் கையில் பிடித்திருப்போம். ஆனால் ஸ்ட்ராவின் உள்ளும் புறமும் சோப்புத் தண்ணீர் வழிந்து ஒரு படலமாக ஒட்டியிருக்கும். சோப்புத் தண்ணீர் நன்றாகவே கடத்தும். குமிழியிலிருந்து படலம், படலத்திலிருந்து விரல், விரலிலிருந்து தரை என்று மின்னூட்டம் போய்விடும். 1 செ.மீ. குமிழி தாங்கும் உச்ச மின்னூட்டமே 17 நானோகூலூம்தான். அது வடிய எவ்வளவு நேரம் வேண்டும்?

செய்ய வேண்டியது: ஸ்ட்ராவின் நுனி 1 செ.மீ. மட்டும் கரைசலில் நனையட்டும். மேல் பகுதியைத் துணியால் துடைத்து, காய வைத்து, கையில் பிடிக்காமல் தெர்மோகோல் துண்டில் செருகி நிறுத்துங்கள். ஊதும்போது எச்சில் உள்ளே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதற்கும் சிரிஞ்சே மேல்.

அப்புறம் ஈரப்பதம். கடலோர ஊர்களில் மழைக்காலத்தில் பைப்பை எவ்வளவு தேய்த்தாலும் ஏறாது. கொஞ்ச நேரம் ஏ.சி. ஓடிய அறையில் செய்யுங்கள், அல்லது பைப்பையும் கம்பளியையும் ஹேர்டிரையரால் உலர்த்திக்கொள்ளுங்கள். குமிழிக்கு ஈரக்காற்று நல்லது, மின்னூட்டத்துக்கு உலர்காற்று நல்லது. இரண்டையும் ஒரே நேரத்தில் திருப்திப்படுத்த முடியாது. நான் கரைசலில் கொஞ்சம் கிளிசரினைக் கூட்டிவிட்டு உலர்காற்றின் பக்கம் சாய்ந்துவிடுவேன்.

அறிகுறி: தொட்டதுமே உடைகிறது

மின்னழுத்தம் அளவுக்கு மீறிவிட்டது. பள்ளி ஆய்வகத்தில் இருக்கும் சிறிய வான் டி கிராஃப் மின்னியற்றியே ஒரு லட்சம் வோல்ட் அளவுக்குப் போகும். 1 செ.மீ. ஆரக் குமிழியோ 15,000 வோல்ட்டிலேயே ரேலே வரம்பைத் தொட்டுவிடும். 2 செ.மீ. ஆரமென்றால் சுமார் 21,000. மின்னியற்றிக்குப் பதில் உலோக டிஃபன் பாக்ஸ் மூடி போதும். கைப்பிடியாக அதன் மேல் ஒரு பிளாஸ்டிக் கோப்பையை ஒட்டிக்கொள்ளுங்கள். தேய்த்த தெர்மோகோல் தகட்டின் மேல் மூடியை வைத்து, ஒரு விரலால் மூடியைத் தொட்டு எடுத்துவிட்டு, அந்தக் கோப்பையைப் பிடித்துத் தூக்குங்கள். மூடியில் மின்னூட்டம் இருக்கும். அதைக் குமிழிக்குள் போகும் மெல்லிய கம்பியில் தொடுங்கள். கம்பி முனையை முன்பே கரைசலில் நனைத்துவிடுங்கள், காய்ந்த முனை குமிழியைக் குத்திவிடும்.

கொசு அடிக்கும் பேட்டைப் பிரித்துச் செய்து பார்த்ததாகச் சிலர் சொல்கிறார்கள். வேண்டாம். அதன் சில ஆயிரம் வோல்ட்டுக்கு ஒன்றும் தெரியப்போவதில்லை. 2000 வோல்ட்டில் 1 செ.மீ. குமிழியின் மின் தள்ளல், தோலின் அழுத்தத்தில் 2 சதவீதம்கூட வராது. ஆனால் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர் உங்கள் கையை உதறவைக்கும். வீட்டு மின்சாரத்தின் 230 வோல்ட் குமிழிக்கு ஒன்றுமே இல்லை, ஆளுக்கு எமன். அந்தப் பக்கம் போகவே கூடாது.

அறிகுறி: எப்படியாவது கண்ணால் பார்த்தே ஆக வேண்டும்

இதற்கு வழி உண்டு. ஒரு லட்சம் பாஸ்கலோடு மல்லுக்கட்டுவதை நிறுத்த வேண்டும். அதாவது குமிழியை மூடிவைக்காமல், குழாய் வழியாக வெளிக்காற்றோடு இணைத்துவிட வேண்டும். இப்போது உள்ளேயும் வெளியேயும் அதே காற்று. மிச்சம் இருப்பது தோலின் சில பாஸ்கல் மட்டும். அந்தச் சில பாஸ்கலோடு மின்னூட்டம் தாராளமாக மோதலாம்.

ஸ்ட்ராவின் வாயைத் திறந்து விட்டால் குமிழி தானாகவே காற்றை வெளியே தள்ளிச் சுருங்கும். மின்னூட்டம் இருந்தால் அந்தச் சுருக்கம் மெதுவாகும். இதைத்தான் பார்க்கப்போகிறோம். முதல் முறை நான் வெறும் ஸ்ட்ராவில் செய்தேன். 2 செ.மீ. ஆரக் குமிழி ஒரு விநாடிகூட நிற்காமல் சுருங்கிப்போனது, கடிகாரத்தைப் பார்க்கவே நேரமில்லை. சுருங்கும் நேரம் குழாய்த் துளையின் நான்காம் படியைப் பொறுத்தது. துளை பாதியானால் நேரம் பதினாறு மடங்கு. ஆகவே மை தீர்ந்த பேனா ரீஃபிலைக் கழுவி, 10 செ.மீ. நீளத்துக்கு வெட்டி, ஸ்ட்ராவின் மேல் வாயில் செருகி, இடைவெளியை மெழுகுவத்தி மெழுகால் அடையுங்கள். ரீஃபில் வழியாகவே ஊதி, வாயை எடுத்துவிடுங்கள். துளை 2 மி.மீ. இருந்தால் 2 செ.மீ. ஆரக் குமிழி முழுதாகச் சுருங்கச் சுமார் 23 விநாடி ஆகும் என்று கணக்கு சொல்கிறது. ரீஃபில் துளை கொஞ்சம் குறுகலாக இருந்தால் நேரம் வெகுவாக நீளும், பயப்பட வேண்டாம்.

முதலில் மின்னூட்டம் இல்லாமல் ஐந்தாறு தடவை நேரம் எடுங்கள். குமிழியின் தொடக்க அளவு ஒன்றாக இருக்க வேண்டும். இங்கும் நான்காம் படிதான், விட்டத்தில் 5 சதவீதம் தவறினால் நேரத்தில் 20 சதவீதம் தவறும். பின்னால் ஒரு அட்டையில் 4 செ.மீ. வட்டம் வரைந்து வைத்து, குமிழி அந்த வட்டத்தைக் கடக்கும்போது கடிகாரத்தைத் தொடங்குங்கள். இந்த அட்டை இல்லாமல் நான் எடுத்த முதல் நாள் எண்கள் எல்லாம் குப்பை.

பிறகு மூடியைக் கம்பியில் தொட்டபடியே வைத்து மறுபடி எடுங்கள். குமிழி 10,000 வோல்ட்டில் இருந்தால், 2 செ.மீ. ஆரத்தில் மின் தள்ளல் தோலின் அழுத்தத்தில் 22 சதவீதத்தைத் தின்றுவிடும். வோல்ட் மாறாமல் இருந்தால், 1 செ.மீ. ஆரத்துக்குச் சுருங்கும்போது அது 44 சதவீதம். சுருங்கச் சுருங்க மின்னூட்டத்தின் கை ஓங்கும். ஏட்டுக் கணக்கில் 4.4 மி.மீ. ஆரத்தில் குமிழி சுருங்குவதையே நிறுத்திவிட வேண்டும். நடைமுறையில் அந்த இடமும் ரேலே வரம்பும் ஒன்றே என்பதால், அங்கே போய் அமைதியாக நிற்காது, நீண்டு துப்பிவிடும். ஆனால் கடைசி விநாடிகளில் தயங்குவது நன்றாகவே தெரியும்.

அறிகுறி: இரண்டு குமிழி வைத்தேன், பெரிதான ஒன்று கிடைத்தது

அவை ஒன்றாகிவிட்டன. மெல்ல இடித்துக்கொள்ளும் குமிழிகள் நடுவில் ஒரு காற்றுப் படலத்தை வைத்துக்கொண்டு ஒட்டாமல் நிற்கும். அருகில் மின்னூட்டம் வந்தால் அந்தப் படலம் கிழிந்து இரண்டும் கலக்கும். லண்டனில் 1889 டிசம்பர் 30 தொடங்கி 1890 ஜனவரி முதல் வாரம் வரை இயற்பியலாளர் சி. வி. பாய்ஸ் சிறுவர்களுக்கு நடத்திய உரைகளில் செய்துகாட்டிய வித்தைகளில் இதுவும் ஒன்று. அருமையான காட்சி, ஆனால் நம் கேள்விக்குப் பதில் இல்லை.

அறிகுறி: சோதனை செய்யவில்லை, கணக்கில்தான் விடை வரவில்லை

பெரும்பாலும் மூன்று இடங்களில் இடறும். அதிகப்படி அழுத்தத்துக்கு 4-க்குப் பதில் 2 போட்டிருப்பீர்கள். அது துளிக்கு, குமிழிக்கு இரண்டு பரப்பு. மின் தள்ளலில் அடியில் இருக்கும் 2-ஐ விட்டிருப்பீர்கள். சரியானது: பரப்பு மின்னூட்ட அடர்த்தியின் வர்க்கம் ÷ (2 × வெற்றிடத்தின் விடுதிறன்). தோலின் ஒரு துண்டு தன் மின்புலத்தால் தன்னையே தள்ளிக்கொள்ள முடியாது, மீதித் தோல் தரும் பாதிப் புலம்தான் அதைத் தள்ளும், அதனால் அந்த 2. வர்க்கம் இருப்பதால்தான் மைனஸ் குறி எந்த வேறுபாடும் செய்வதில்லை. மூன்றாவது, வெளிக்காற்றின் அழுத்தத்தை மறப்பது. 17 நானோகூலூம் ஏறிய 1 செ.மீ. குமிழியை, காற்றே இல்லாத இடத்தில் இருப்பதாக வைத்துக் கணக்கிட்டால் ஆரம் 1.32 செ.மீ. ஆகும். அதே குமிழி, அதே மின்னூட்டம், நம் அறைக் காற்றில் ஆரம் கூடுவது 0.33 மைக்ரோமீட்டர்தான். விடைத்தாளில் உங்கள் எண்ணும் அவர்கள் எண்ணும் பல ஆயிரம் மடங்கு விலகி நின்றால் முதலில் இதைப் பாருங்கள்.

இன்னொரு பழைய கணக்கு: 10 செ.மீ. ஆரமும் 3.3 × 10⁻⁶ செ.மீ. தடிமனும் உள்ள குமிழி 100 வோல்ட்டில் இருக்கிறது, உடைந்து ஒரே துளியானால் துளியின் மின்னழுத்தம் என்ன? ஆரம் நூறில் ஒரு பங்காகி 1 மி.மீ. ஆவதால் 10,000 வோல்ட். விடை சரி, கூட்டல் கழித்தலில் தப்பில்லை. அந்தத் துளியைத் தேடி மட்டும் போகாதீர்கள். 1 மி.மீ. சோப்புத் துளி சுமார் 3400 வோல்ட்டிலேயே ரேலே வரம்பைத் தொட்டுச் சிதறிவிடும்.